மத்திய வங்கியில் பொருளியலாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை முடிக்கப் போகிறவர்கள், முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், வணிக வங்கியிலிருந்து பக்கம் மாற நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒரு மத்திய வங்கியின் ஆய்வுத் துறையில் பல ஆண்டுகள் குறிப்பு எழுதியிருக்கிறேன். பின்னாளில் ஆள் எடுக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

மத்திய வங்கியில் பொருளியலாளர் என்னதான் செய்கிறார்?

வட்டி விகிதத்தை முடிவு செய்வது ஒரு சிறிய குழு. அந்தக் குழுவின் மேசையில் இருக்கும் தாளை எழுதுகிறவர்தான் பொருளியலாளர். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கொள்கைக் குழு ஆண்டுக்கு 8 முறை கூடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்சிமன்றக் குழு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பணவியல் கொள்கை, அதாவது வட்டியும் பணப்புழக்கமும் பற்றி முடிவெடுக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் 6 பேர் குழு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் உள்ளே இருப்பவர்களுக்கு அது பரீட்சைக் காலம் மாதிரி.

ஒரு உதாரணம் சொன்னால் தெளிவாகும். பணவீக்க எண் வெளியாகும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் 7 சதவீதம், இந்த மாதம் 2.9. செய்திகளில் ‘பணவீக்கம் சரிந்தது’ என்று ஓடுகிறது. நீங்கள் விலைக் குறியீட்டெண்ணை எடுத்துப் பார்க்கிறீர்கள். போன மாதமும் 107, இந்த மாதமும் 107. விலைகள் அசையவே இல்லை. அப்படியானால் எது மாறியது? போன வருடம் இதே நேரத்தில் குறியீடு ஒரே மாதத்தில் 100-லிருந்து 104-க்குத் தாவியிருந்தது. இப்போது ஒப்பிடுவது அந்த 104-உடன். அதனால்தான் வருடாந்திர விகிதம் இறங்கித் தெரிகிறது. இதை அடிப்படை விளைவு என்பார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான்: ‘சரிவு முழுவதும் போன வருட உயர்வு கணக்கிலிருந்து விலகியதால் வந்தது, இந்த மாத விலைகளில் தணிவு எதுவும் தெரியவில்லை.’ இதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்கும் படிக்காமல் போகிறவருக்கும் முடிவே வேறாகலாம்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு எண்ணை, முடிவெடுப்பவர் நம்பிச் சாயக்கூடிய ஒரு வாக்கியமாக மாற்றித் தர வேண்டும்.

எல்லாரும் வட்டி விகிதத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்களா?

இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த ஒன்றுதான் தெரிகிறது. உள்ளே போனால் பல விதமான இருக்கைகள் இருக்கின்றன. உங்கள் சுபாவத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்பது, எந்த வங்கி என்று பார்ப்பதைவிட முக்கியம்.

பணவியல் கொள்கைப் பிரிவில் இருப்பவர்கள் வளர்ச்சி, வேலைவாய்ப்பு, பணவீக்கம் மூன்றையும் பின்தொடர்ந்து முன்கணிப்புத் தருகிறார்கள். ஓட்டமான எழுத்தும் அவசரத்தைத் தாங்கும் மனமும் உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

நிதி நிலைத்தன்மைப் பிரிவு 2008 நெருக்கடிக்குப் பிறகுதான் இவ்வளவு பெரிதானது. அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வந்த எலிசபெத் ராணி, இதை ஏன் யாரும் முன்கூட்டியே கவனிக்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு தினமும் வேலைக்கு வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். வீட்டு விலை இவ்வளவு விழுந்தால், வேலையின்மை இவ்வளவு ஏறினால், எந்த வங்கியின் மூலதனம் எவ்வளவு கரையும் என்று கணக்குப் போடும் அழுத்தச் சோதனைகள் இவர்கள் கையில்தான். வங்கிவாரியான, கடன்வாரியான தரவைக் கையாளும் வாய்ப்பு பல்கலைக்கழகத்தில் கிடைப்பது அரிது. இங்கே அதுதான் அன்றாட வேலை.

சந்தைப் பிரிவில் பணச்சந்தை, கடன்பத்திரம், அந்நியச் செலாவணிக் கையிருப்பு. காலையில் சீக்கிரம் வர வேண்டும், சுருக்கமாகப் பேச வேண்டும். பணப்பட்டுவாடா முறைகள், மத்திய வங்கி வெளியிடும் டிஜிட்டல் பணம் பற்றிய பிரிவுகள் புதிதாக வளர்ந்தவை. பஹாமாஸ் 2020-இல் தன் டிஜிட்டல் நாணயத்தை நாடு முழுவதும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மற்ற பல நாடுகளில் இன்னும் ஆய்வும் முன்னோட்டமுமாகப் போகிறது. 2017-இல் மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் பருவநிலை இடர்களுக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியதிலிருந்து, வெள்ளமும் வறட்சியும் வங்கிகளின் கடன் ஏடுகளை எப்படிப் பாதிக்கும் என்று பார்ப்பவர்களும் தேவைப்படுகிறார்கள்.

புள்ளியியல் பிரிவைப் பலர் இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு வருத்தமாக இருக்கும். பணவீக்க எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியின் வார்த்தை மாறினாலே பதில் மாறிவிடும். அதை வடிவமைக்கிறவர் தவறினால், அதற்கு மேலே கட்டிய கணித மாதிரிகள் எல்லாம் ஆட்டம் காணும்.

அப்புறம், தூய ஆய்வுப் பிரிவு. இங்கே வேலை ஏறக்குறைய பேராசிரியர் வேலை மாதிரி, வகுப்பு மட்டும் இருக்காது.

பிஎச்.டி. கட்டாயமா?

எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபெடரல் ரிசர்வின் வாஷிங்டன் தலைமையகத்தில் ‘பொருளியலாளர்’ என்ற பதவிக்கு அது கிட்டத்தட்ட கட்டாயம். அங்கே மட்டும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 400 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் பொருளியல், கொள்கை ஆய்வுத் துறைக்கு முதுகலை போதும். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி இளங்கலை முடித்தவர்களையும் பகுப்பாய்வாளர்களாக எடுக்கிறது.

இளங்கலை முடித்தவர்களுக்கு ஃபெடரல் ரிசர்வின் வட்டார வங்கிகளில் ஆய்வு உதவியாளர் பணி உண்டு. பொதுவாக இரண்டு ஆண்டு. மூத்த பொருளியலாளர் ஒருவருக்குத் தரவு சேர்த்து, நிரல் எழுதி, வரைபடம் போட்டுத் தருவீர்கள். பிறகு பெரும்பாலானோர் பிஎச்.டி.க்குப் போய்விடுவார்கள். முனைவர் பட்டம் தனக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் தவிப்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பதவி உயர்வுக்காக மட்டும் பிஎச்.டி. செய்யாதீர்கள். ஐந்தாறு ஆண்டு ஒரே கேள்வியோடு வாழ வேண்டும். அந்தக் கேள்வியின் மேல் ஆசை இல்லையென்றால் முதுகலையோடு உள்ளே வந்து, வேலையில் கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆள் எடுப்பது எப்படி நடக்கிறது?

மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, போட்டித் தேர்வு. ரிசர்வ் வங்கியின் ‘கிரேடு பி’ அதிகாரி தேர்வில் பொருளியலுக்குத் தனிப் பிரிவு, புள்ளியியலுக்குத் தனிப் பிரிவு. பொருளியல் பிரிவில் கொள்குறி வினாத்தாளும் உண்டு, விரிவாக எழுத வேண்டிய தாள்களும் உண்டு, கடைசியில் நேர்முகத் தேர்வு. மதிப்பெண், வயது நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அறிவிப்பை நம்பி விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, முனைவர் பட்டதாரிகளுக்கான சர்வதேச வேலைச் சந்தை. அமெரிக்கப் பொருளியல் சங்கம் நடத்தும் பட்டியலில் இலையுதிர் காலத்தில் விளம்பரங்கள் வரும். உங்களுடைய மிகச் சிறந்த ஒரு கட்டுரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். முதல் சுற்று அரை மணி நேர உரையாடல். தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். ஒரு முழுநாள், ஒரு கருத்தரங்க உரை, அரை மணிக்கு ஒருவராக ஏழெட்டுப் பேரோடு சந்திப்பு. ஐரோப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு சந்தை இருக்கிறது.

மூன்றாவது, பயிற்சிப் பணிகளும் இடைநிலை நியமனங்களும். ஐரோப்பிய மத்திய வங்கி சில மாதப் பயிற்சியாளர்களைத் தொடர்ந்து எடுக்கிறது. வணிக வங்கியிலோ கடன்தர மதிப்பீட்டு நிறுவனத்திலோ ஐந்தாறு ஆண்டு இருந்தவர்கள் சந்தைப் பிரிவுக்கோ மேற்பார்வைக்கோ நேராக வருவதும் உண்டு.

வேறு நாட்டு மத்திய வங்கியில் சேர முடியுமா?

குடியுரிமை விதியை முதலில் படியுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி பெரும்பாலான பணிகளுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாட்டினரையே எடுக்கிறது. வேறு சில வங்கிகளில் வெளிநாட்டினர் ஆய்வுப் பிரிவுக்கு வரலாம், ரகசியத் தகவல் புழங்கும் இடங்களுக்கு வர முடியாது. நாடு தாண்டிய வேலைதான் வேண்டும் என்றால் சர்வதேச நாணய நிதியத்தையும், மத்திய வங்கிகளுக்கான வங்கியாக பாசெல் நகரில் 1930 முதல் இயங்கும் சர்வதேச தீர்வு வங்கியையும் பாருங்கள்.

எந்த மென்பொருள், எவ்வளவு கணிதம்?

ஆர் அல்லது பைத்தான், இந்த இரண்டு நிரல் மொழிகளில் ஒன்று நன்றாக வர வேண்டும். ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. பொருளாதார மாதிரி கட்டும் பிரிவுகளில் மேட்லேப் என்ற கணித மென்பொருளும் அதன் மேல் ஓடும் டைனேரும் வழக்கம். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுக்க எஸ்கியூஎல் என்ற வினவல் மொழி. கணிதத்தில், மாதாமாதம் வரும் எண்களின் போக்கை ஆராயும் காலத்தொடர் பகுப்பாய்வுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கல்லூரியில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வருகிறவர்கள் முதல் ஆண்டு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்.

எந்தப் பாடத்திட்டத்திலும் போதிய இடம் கிடைக்காத இரண்டு விஷயங்கள் உண்டு: ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும் ஏற்ற இறக்கத்தை எண்ணிலிருந்து நீக்கும் பருவச் சீராக்கமும், வெளியான எண் பின்னர் மாற்றப்படும் தரவுத் திருத்தமும். பருவச் சீராக்கத்தை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புழக்கத்தில் உள்ள பணம் ஒரு மாதத்தில் வழக்கத்துக்கு மீறி ஏறியிருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதினேன். மக்கள் வங்கியை நம்பாமல் பணத்தைக் கையில் வைக்கத் தொடங்கிவிட்டார்களோ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். என் மூத்த அதிகாரி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘போன வருடம் பண்டிகை எந்த மாதம் வந்தது?’ சந்திர நாட்காட்டிப்படி நகரும் பண்டிகை அது. போன வருடம் ஒரு மாதம், இந்த வருடம் வேறு மாதம். பண்டிகைச் செலவுக்காக மக்கள் பணம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மென்பொருளின் இயல்பான அமைப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. குறிப்பு அறையை விட்டு வெளியே போகும் முன் தடுத்தார். அன்றிலிருந்து எந்தத் தொடரைத் தொட்டாலும் முதலில் நாட்காட்டியைத்தான் எடுக்கிறேன்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

பாடப்புத்தக வரையறையைக் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்க மாட்டார்கள். நான் இருந்த குழுக்களில் திரும்பத் திரும்பக் கேட்டவை சில உண்டு. எண்ணெய் விலை திடீரென ஏறினால் வட்டியை உயர்த்த வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா? வளர்ச்சி எண் நன்றாக இருக்கிறது, வரி வசூல் குறைந்திருக்கிறது, எதை நம்புவீர்கள்? உங்கள் கட்டுரையின் முடிவு தவறு என்று எந்தத் தரவு வந்தால் ஒப்புக்கொள்வீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டும். சிலர் தங்கள் முடிவைக் காப்பாற்றப் பாடுபடுவார்கள். ஒரு பெண் சிறிது யோசித்துவிட்டு, ஒரு தாள் கேட்டு வாங்கி, இரண்டு கோடுகள் வரைந்தார். ‘என் விளக்கம் சரியென்றால் சிறு நிறுவனங்களின் கடன் இந்தக் கோட்டில் போக வேண்டும். இரண்டாவது கோட்டில் போனால் நான் சொன்னது தவறு. மூன்று காலாண்டில் தெரிந்துவிடும்’ என்றார். குழுவில் இருந்த எல்லாருக்கும் அவரோடு வேலை செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இன்னொன்றும் கேட்பார்கள்: உங்கள் ஆய்வை, பொருளியல் படிக்காத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். இதை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது.

சம்பளம் எப்படி?

அரசுத் துறைகளைவிடப் பொதுவாக மேல். தனியார் முதலீட்டு வங்கிகளைவிடக் குறைவு. இந்த இடைவெளி பதவி ஏற ஏற விரியும். பணி நிலைத்தன்மை, ஓய்வூதியம், படிப்பு விடுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என் பெயரில் ஆய்வு வெளியிடலாமா?

வெளியிடலாம். பெரும்பாலான மத்திய வங்கிகளுக்கு ஆய்வுக் கட்டுரை வரிசைகள் உண்டு. முதல் பக்கத்தில் ‘இவை ஆசிரியரின் கருத்துகள், வங்கியின் கருத்துகள் அல்ல’ என்ற வரி இருக்கும். இங்கிலாந்து வங்கியின் ஊழியர்கள், வங்கியின் நிலைப்பாட்டைக் கேள்வி கேட்கும் கருத்துகளையும் எழுதுவதற்கென்றே 2015-இல் ஒரு வலைப்பதிவு தொடங்கினார்கள். ஆனாலும் வங்கிக்கு வங்கி தாராளம் மாறும். சேரும் முன் அந்த வங்கியின் கடைசி இருபது கட்டுரைகளின் தலைப்புகளைப் பாருங்கள். கொள்கையின் விளைவுகளை நேராக அளக்கும் கட்டுரைகள் அதில் இருக்கின்றனவா? இருந்தால் மூச்சு விட இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

என்னென்ன கட்டுப்பாடுகள்?

கொள்கைக் கூட்டத்துக்கு முன் ஒரு மௌனக் காலம் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியில் அது 7 நாள். ஃபெடரல் ரிசர்வில் கூட்டத்துக்கு முந்தைய இரண்டாவது சனிக்கிழமையே தொடங்கிவிடும். அந்த நாள்களில் பணவியல் கொள்கை பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது. கல்யாண வீட்டில் உறவினர் ‘வட்டி குறையுமா, வீட்டுக் கடன் வாங்கலாமா?’ என்று கேட்டாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றத்தான் வேண்டும். பங்கு, கடன்பத்திர முதலீடுகளுக்கும் விதிகள் உண்டு. ஃபெடரல் ரிசர்வ் 2022-இல் தன் மூத்த அதிகாரிகள் தனிப்பட்ட நிறுவனப் பங்குகளை வாங்கவே கூடாது என்று இறுக்கியது. இதெல்லாம் நியாயமான விலை என்றே நினைக்கிறேன். நாட்டின் வட்டி விகிதம் பற்றி மற்றவர்களுக்கு முன்பே தெரிந்த ஒருவர் மேல் மக்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும் அல்லவா?

முன்கணிப்பு தவறினால் வேலை போய்விடுமா?

போகாது. முன்கணிப்பு தவறத்தான் செய்யும். ஏன் தவறியது என்று எழுதத் தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். 2021–22 பணவீக்க ஏற்றத்தைப் பல மத்திய வங்கிகள் குறைத்து மதிப்பிட்டன. அதற்குப் பிறகு இங்கிலாந்து வங்கி தன் முன்கணிப்பு முறையை ஆராயும்படி ஃபெடரல் ரிசர்வின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கேயைக் கேட்டுக்கொண்டது. 2024 ஏப்ரலில் அவர் 12 பரிந்துரைகள் தந்தார். படித்தால் வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று புரியும். பழைய மென்பொருளும் தரவைக் கையாளும் விதமும்தான் பெரிய தடை என்று சொன்னார். மாதிரிகளைச் சரிவரப் பராமரிக்கவில்லை என்றும் சொன்னார். 1996 முதல் அந்த வங்கி பயன்படுத்திவந்த, முன்கணிப்பின் நிச்சயமின்மையை விசிறி போல விரித்துக் காட்டும் விசிறி வரைபடங்களை விட்டுவிடலாம் என்பதும் அவர் யோசனை. அதாவது தரவு வந்து சேர்ந்து மாதிரிக்குள் போகும் வழியை ஒழுங்காக அமைக்கத் தெரிந்த பொருளியலாளருக்கு இப்போது நிஜமாகவே தேவை இருக்கிறது.

எவ்வளவு உயரம் போகலாம்?

உச்சி வரை போனவர்கள் இருக்கிறார்கள். பால் வோல்க்கர் 1952-இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பொருளியலாளராகச் சேர்ந்தார், 1979-இல் ஃபெடரல் ரிசர்வின் தலைவரானார். ஜேனட் யெலன் 1977-இல் அங்கே ஊழியப் பொருளியலாளர், 2014-இல் தலைவர். இலங்கை மத்திய வங்கியின் கதை இன்னும் சுவையானது. ஜான் எக்ஸ்டர் ஃபெடரல் ரிசர்வில் பொருளியலாளராக இருந்தவர். மத்திய வங்கி அமைப்பது பற்றி அறிக்கை எழுத இலங்கைக்கு வந்தார். 1950-இல் அந்த வங்கி திறந்தபோது முதல் ஆளுநரும் அவரே.

பொருளியலாளர்கள் மட்டும்தான் தலைமைக்கு வருவார்கள் என்றில்லை. 2018-இல் ஃபெடரல் ரிசர்வின் தலைவரான ஜெரோம் பவலும், 2019-இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவரான கிறிஸ்டீன் லகார்டும் சட்டம் படித்தவர்கள். நிர்வாகமே வேண்டாம் என்று கடைசி வரை ஆய்வாளராகவே இருந்து மரியாதையோடு ஓய்வு பெற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

பிடிக்காமல் போனால்?

பல்கலைக்கழகம், நிதி அமைச்சகம், சர்வதேச நிதியங்கள், முதலீட்டு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் எல்லாம் மத்திய வங்கி அனுபவத்தை விரும்பும். பேராசிரியர் ஆக ஆசை இருந்தால் கட்டுரை வெளியிடுவதை நிறுத்திவிடாதீர்கள். நான்கைந்து ஆண்டு இடைவெளி விழுந்தால் அந்தக் கதவு பாதி மூடிவிடும்.

இப்போதே எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரு மத்திய வங்கியைத் தேர்ந்தெடுங்கள். அதன் கடைசி இரண்டு கொள்கை அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களை மட்டும் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். ‘குறைந்துள்ளது’ என்பது ‘குறைந்துவருகிறது’ ஆகியிருக்கிறதா? ‘ஓரளவு’ என்ற சொல் காணாமல் போயிருக்கிறதா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் எந்தத் தரவு இருந்திருக்கும் என்று தேடுங்கள். ஃபெடரல் ரிசர்வின் ஊழியர்கள் கூட்டத்துக்குத் தயாரித்த குறிப்புகளும், கூட்டத்தில் பேசியதன் முழு எழுத்துப்பதிவும் ஐந்து ஆண்டு கழித்துப் பொதுவில் வருகின்றன. ஒரு கூட்டத்தின் குறிப்பை எடுத்து, பாதியில் மூடிவிட்டு, அவர்கள் அன்று கையில் வைத்திருந்த எண்களை மட்டும் கொண்டு மீதியை ஒரே பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்டால் அனுப்ப வேண்டியது அந்தப் பக்கம்தான், அதன் பத்தாவது திருத்தம்.